மார்ச் 31-க்குள் நிதி திரட்டல்: 8 மாலை வகுப்பு மையங்கள், 12 லட்சம் இலக்கு. எங்கள் திட்டத்தில் ஓட்டை எங்கே?

மாலைவகுப்பு · 12 டிசம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் 8 கிராமங்களில் மாலை வகுப்பு மையங்கள் நடத்தும் சிறிய டிரஸ்ட். மையத்துக்கு 30 பிள்ளைகள். 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு), சிஎஸ்ஆர்-1 (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்க) ஆகிய மூன்று பதிவுகளும் இருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை.

ஒரு மையத்துக்கு மாதச் செலவு: ஆசிரியர் மதிப்பூதியம் 6,000. சுண்டல், பயறு வகைக்குத் தலைக்கு 8 ரூபாய் வீதம் 22 நாளுக்கு 5,280. நோட்டு, பென்சில் 600. கரண்ட் 400. ஆக 12,280. எட்டு மையம், பன்னிரண்டு மாதம் என்றால் 11,78,880. அதனால் இலக்கை 12 லட்சம் என்று வைத்திருக்கிறோம். இது அடுத்த நிதியாண்டின் செலவுக்கான பணம். இந்த ஆண்டுச் செலவு 10 லட்சம் வந்துவிட்டது, கிட்டத்தட்ட முழுவதும் செலவாகியும் விட்டது.

கையில் இருப்பது 640 பெயர் உள்ள எக்செல் பட்டியல். அதில் 210 பேருக்குத்தான் பான் எண் இருக்கிறது. மார்ச் 1 முதல் வாட்ஸாப்பில் கியூஆர் கோடு போட்ட போஸ்டர், "50% வரி விலக்கு" என்ற வரியோடு அனுப்பலாம் என்று அறங்காவலர்கள் சொல்கிறார்கள். இது போதுமா? எங்கே இடிக்கும்?

பேரேடு · 12 டிசம்பர் 2024

மேடம், போஸ்டரைப் பிறகு பார்க்கலாம். அடுத்த ஆண்டுச் செலவுக்கான பணத்தை இந்த ஆண்டு மார்ச்சில் வாங்கப் போகிறீர்கள். முதல் சிக்கல் அதுதான்.

டிரஸ்டுக்கு வந்த வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள்ளேயே நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 10 லட்சம் வந்து 10 லட்சம் செலவு. மார்ச்சில் இன்னொரு 12 லட்சம் வந்தால் மொத்த வருமானம் 22 லட்சம், அதில் 85 சதவீதம் 18.70 லட்சம். செலவு 10 லட்சம்தான் என்பதால் 8.70 லட்சம் குறைகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்தத் தொகைக்கு வரி வந்து நிற்கும்.

வழி இருக்கிறது, ஆனால் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் ஆண்டின் கடைசி நாட்களில் வந்ததால் செலவழிக்க முடியவில்லை என்றால் படிவம் 9ஏ கொடுத்து, அந்தக் குறைவை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளலாம். அடுத்த ஆண்டுக்குள் கட்டாயம் செலவழித்துவிட வேண்டும். கட்டடம், வாகனம் மாதிரி குறிப்பிட்ட நோக்கத்துக்குப் பல ஆண்டு சேர்க்க வேண்டுமென்றால் படிவம் 10. அதற்கு நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லும் அறங்காவலர் தீர்மானம் வேண்டும், உச்சவரம்பு 5 ஆண்டு, பணம் சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில்தான் இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது 9ஏ. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே இதைக் கொடுக்க வேண்டும். தாக்கல் அக்டோபர் 31 என்றால் 9ஏ ஆகஸ்ட் 31. இங்கேதான் நிறைய டிரஸ்டுகள் தவறுகின்றன. தாக்கலின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள், அதற்குள் தேதி போய்விடுகிறது.

இன்னொன்று: செலவு என்பது கையை விட்டுப் பணம் போனால்தான் செலவு. பில் வந்து நிலுவையில் நின்றால் கணக்கில் சேராது. மார்ச் மாத மதிப்பூதியத்தை ஏப்ரல் 5-ல் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இந்த ஆண்டு மார்ச் 29-க்குள் கொடுத்துவிடுங்கள். ஜூனில் வாங்கும் நோட்டுகளையும் மார்ச்சிலேயே வாங்கிப் பணம் கட்டிவிடலாம்.

நொய்யல் · 13 டிசம்பர் 2024

பேரேடு சார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பணம் கேட்கும் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் இலக்கே தப்பு. 11,78,880-ல் மையங்களைச் சுற்றி வரும் ஒருங்கிணைப்பாளர் எங்கே? பஸ் செலவு, ஆடிட்டர் கட்டணம், ரசீதுப் புத்தகம், போன் எங்கே? குறைந்தது பத்து சதவீதம் சேருங்கள். 12.97 லட்சம் வருகிறது. அதை 240 பிள்ளைக்கும் 12 மாதத்துக்கும் பிரித்தால் தலைக்கு மாதம் 450 ரூபாய். வருடத்துக்கு 5,400. உங்கள் முறையீட்டின் மையமே இந்த எண்தான். "12 லட்சம் தேவை" என்று கேட்டால் ஆயிரம் ரூபாய் கொடுக்க நினைப்பவர் தன் பணத்துக்கு அங்கே இடமில்லை என்று ஒதுங்கிவிடுவார். "ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் 5,400" என்றால் எத்தனை பிள்ளை என்று அவரே யோசிப்பார்.

இனி அதை எத்தனை பேரிடமிருந்து எடுப்பது என்று பாருங்கள். ஒரு முழு மையத்தை ஏற்பவர் ஒருவர்: 1,62,000. பத்துப் பிள்ளைகளை ஏற்பவர்கள் 6 பேர்: தலா 54,000, மொத்தம் 3,24,000. இரண்டு பிள்ளைகளை ஏற்பவர்கள் 20 பேர்: 10,800 வீதம் 2,16,000. ஒரு பிள்ளையை ஏற்பவர்கள் 60 பேர்: 3,24,000. ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம், அதாவது 1,350 ரூபாய் கொடுப்பவர்கள் 200 பேர்: 2,70,000. கூட்டினால் 12,96,000.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அறங்காவலர் கூட்டத்தில் மேசை மேல் வையுங்கள். மேலே இருக்கும் 27 பேர் 7,02,000 கொடுக்கிறார்கள், பாதிக்கு மேல். அந்த 27 பேரை வாட்ஸாப் போஸ்டர் கொண்டுவராது. போன் செய்ய வேண்டும், நேரில் போக வேண்டும். 27 பேர் சம்மதிக்க 80 முதல் 100 பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும்.

கீழே இருக்கும் 260 பேரைப் பற்றியும் சொல்கிறேன். 640 பெயரில் 287 பேர் கொடுப்பார்கள் என்று திட்டம் போட்டால் அது நடக்காது. பழைய பட்டியலில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒரே சமயத்தில் கொடுப்பது அரிது. ஆகவே கீழ் வரிசைக்குப் புதியவர்கள் வேண்டும், அல்லது மாதம் 450 என்று யுபிஐ ஆட்டோபேயில் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் முறை) சேர்பவர்கள் வேண்டும். ஆட்டோபேயை ஏப்ரலில் தொடங்கினால் பேரேடு சார் சொன்ன 85 சதவீதச் சிக்கலும் குறையும். அந்தந்த ஆண்டுப் பணம் அந்தந்த ஆண்டிலேயே வரும்.

மாலைவகுப்பு · 13 டிசம்பர் 2024

நொய்யல் அண்ணா, நன்றி. பத்து சதவீத நிர்வாகச் செலவை வெளியே சொல்லலாமா? "முழுப் பணமும் பிள்ளைகளுக்கே" என்று போட்டால்தான் கொடுப்பார்கள் என்று ஒரு அறங்காவலர் உறுதியாக இருக்கிறார்.

தாமிரபரணி · 13 டிசம்பர் 2024

தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். அது உண்மையும் இல்லை. எட்டு மையத்தையும் யாரும் சுற்றிப் பார்க்கவில்லை என்றால் மூன்றாவது மாதம் எந்த மையத்தில் எத்தனை பிள்ளை வருகிறார்கள் என்றே தெரியாமல் போகும். ஒருங்கிணைப்பாளர் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் வேலைதான். போஸ்டரிலேயே எழுதுங்கள்: "450 ரூபாயில் ஆசிரியருக்கு 200, சுண்டலுக்கு 176, நோட்டும் கரண்டும் 33, மேற்பார்வைக்கும் கணக்குக்கும் 41." இவ்வளவு விவரமாகச் சொல்பவரிடம் மக்கள் நம்பிக் கொடுக்கிறார்கள். இந்த விவரம் இல்லாமல் ஒட்டுமொத்தமாக "எல்லாம் பிள்ளைகளுக்கு" என்றால், அடுத்த வருடம் ஆண்டறிக்கையில் ஆடிட்டர் கட்டணத்தைப் பார்ப்பவர் கேள்வி கேட்பார்.

பேரேடு · 13 டிசம்பர் 2024

"50% வரி விலக்கு" என்ற வரியைப் பற்றி. அதை அப்படியே போட்டால் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். 10,000 கொடுத்தால் 5,000 வரியில் குறையும் என்று நினைப்பார்கள். குறைவது வருமானத்தில் 5,000. இருபது சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து மிச்சம் 1,040 ரூபாய். முப்பது சதவீத அடுக்கில் 1,560. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை, அதில் 80ஜி கழிவு கிடையாது. சம்பளக்காரர்களில் பலர் இப்போது புதிய முறைக்குப் போய்விட்டார்கள். "ஏன் எனக்குக் கிடைக்கவில்லை" என்று ஜூலையில் போன் வரும்.

உச்சவரம்பும் உண்டு. சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் (மற்ற கழிவுகள் போக மிஞ்சுவது) 10 சதவீதம் வரைதான் கழிவுக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த வருமானம் 8 லட்சம் உள்ளவர் ஒரு லட்சம் கொடுத்தால் 80,000-ஐத்தான் பார்ப்பார்கள், அதில் பாதி 40,000 கழியும். பெரிய தொகை கொடுப்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

ரொக்கம் 2,000-க்கு மேல் போனால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, நோட்டு, சேலை மாதிரிப் பொருளாகக் கொடுத்தால் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் கழிவு இல்லை. மொத்தத்தில் போஸ்டருக்கு இந்த வரி போதும்: "பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி பிரிவின்கீழ் கழிவு உண்டு. பான் எண்ணும் முகவரியும் அவசியம்."

கூடவே இன்னொரு தவறான நம்பிக்கை: ஜனவரியில் அலுவலகத்தில் முதலீட்டு ஆதாரம் கேட்கும்போது நம் ரசீதைக் கொடுக்கலாம் என்று நன்கொடையாளர்களிடம் சொல்கிறார்கள். நம்மைப் போன்ற டிரஸ்டுகளுக்குத் தந்த நன்கொடையை முதலாளி சம்பளத்தில் கழிக்க மாட்டார். நன்கொடையாளர் ஜூலையில் தாக்கல் செய்யும்போது தானே கேட்டுப் பெற வேண்டும்.

தாமிரபரணி · 14 டிசம்பர் 2024

என் கருத்து கொஞ்சம் வேறு. வரிப் பேச்சை முறையீட்டின் கடைசி வரிக்குத் தள்ளுங்கள். 1,350 ரூபாய் கொடுப்பவர் 140 ரூபாய் மிச்சத்துக்காகக் கொடுக்கவில்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்றுதான் கொடுக்கிறார். மார்ச் 31 என்ற தேதி 54,000 கொடுப்பவருக்கு முக்கியம். மற்றவர்களுக்கு ஜூனில் பள்ளி திறப்பதுதான் முக்கியத் தேதி.

பேரேடு · 14 டிசம்பர் 2024

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழிவு கேட்பவர் 20 பேர்தான் என்றாலும் அவர்களின் பான் எண்ணை நன்கொடை வரும் நாளிலேயே வாங்கியாக வேண்டும். உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய பயம் அந்த கியூஆர் கோடுதான்.

வெறும் வங்கிக் கணக்கின் கியூஆரைப் போஸ்டரில் போட்டால் என்ன ஆகும்? வங்கிக் கணக்கு அறிக்கையில் யுபிஐ என்ற சொல், 12 இலக்கக் குறிப்பு எண், வெட்டுப்பட்ட பாதிப் பெயர், 1,350 ரூபாய். அவ்வளவுதான். யார், எந்த ஊர், பான் என்ன, ஒன்றும் தெரியாது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் உங்கள் பதிவேட்டில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது பெயரற்ற நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம், அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டிய பெயரற்ற தொகைக்கு 30 சதவீத வரி. உங்கள் 22 லட்சத்தில் 5 சதவீதம் 1.10 லட்சம். 1,350 வீதம் 82 பேர் பெயரில்லாமல் போட்டாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ஆகவே கியூஆர் நேராகப் பணம் வாங்கக் கூடாது. முதலில் ஒரு படிவத்துக்குப் போக வேண்டும்: பான் அட்டையில் உள்ளபடி பெயர், முகவரி, பின்கோடு, பான், போன், மின்னஞ்சல். அதை நிரப்பிய பிறகே கட்டணப் பக்கம். இதனால் சிலர் பாதியில் விட்டுப் போவார்கள், உண்மை. அதனால் கேள்விகளை ஒரே திரையில் முடியுங்கள். தமிழில் வையுங்கள்.

மாலைவகுப்பு · 14 டிசம்பர் 2024

பான் இல்லாத 430 பேரிடம் எப்படிக் கேட்பது? ஏற்கனவே இருக்கும் 210-லும் சில தப்பாக இருக்கிறது.

பேரேடு · 15 டிசம்பர் 2024

தப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். பான் பத்து இடம்: முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. முதல் ஐந்தில் பூஜ்யம் வரவே வராது, நடு நான்கில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து வராது. கையால் எழுதியதைத் தட்டச்சு செய்யும்போது இந்த இரண்டும்தான் மாறுகின்றன. நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு 'ஹெச்', கூட்டு வணிக நிறுவனத்துக்கு 'எஃப்', டிரஸ்டுக்கு 'டி'. கணவர் கொடுத்த பணத்துக்குக் கடையின் பான் வந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

நம் ஊரில் தனியாக வரும் ஒரு சிக்கல்: ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் சிலருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராகப் பதிவாகியிருக்கும், சிலருக்குத் தன் பெயரே. ஆகவே ஐந்தாவது எழுத்து அவர் பெயரோடு பொருந்தவில்லை என்பதற்காக பானைத் தப்பு என்று தள்ளாதீர்கள். அப்பா பெயரைக் கேட்டுப் பாருங்கள். ரசீதிலும் பான் அட்டையில் உள்ள விரிந்த பெயரையே எழுதுங்கள்.

எக்செலில் இன்னொரு பொறி. 12 இலக்க யுபிஐ எண்ணோ ஆதாரோ சாதாரணக் கட்டத்தில் போட்டால் அது 'இ+11' என்று சுருங்கித் தெரியும். அதை அப்படியே சிஎஸ்வி ஆகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே பதிவாகிவிடும், எண் போய்விடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் படிவம் 10பிடி. ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை, எந்த வகை, எந்த வழியில் வந்தது என்பதையெல்லாம் மே 31-க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் 10பிஇ சான்றிதழ் இறங்கும். அதையும் அதே மே 31-க்குள் நன்கொடையாளருக்குக் கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் எண் இல்லாமல் அவர் தாக்கலில் கழிவு கேட்க முடியாது. நம் ரசீது மட்டும் இப்போது போதாது. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம்.

நொய்யல் · 15 டிசம்பர் 2024

430 பேரிடம் பான் கேட்பதற்கு என் யோசனை: நன்கொடை கேட்கும் அதே போனில் பான் கேட்காதீர்கள். ஜனவரியில் நன்றி சொல்லும் போனிலேயே கேளுங்கள்.

பட்டியலை இந்த மாதமே நான்காகப் பிரியுங்கள். இந்த நிதியாண்டில் ஏற்கனவே கொடுத்தவர்கள். போன வருடம் கொடுத்து இந்த வருடம் இன்னும் கொடுக்காதவர்கள். முன்பு எப்போதோ ஒரு முறை கொடுத்தவர்கள். எப்போது கொடுத்திருந்தாலும் ஒரே தடவையில் 10,000-க்கு மேல் கொடுத்தவர்கள். இரண்டாவது கூட்டமும் நான்காவது கூட்டமும்தான் உங்கள் நிலம். மூன்றாவது கூட்டத்துக்குச் செய்தி அனுப்பினால் போதும். முதல் கூட்டத்துக்கு மார்ச்சில் மறுபடி கேட்காமல் ஆட்டோபேயை மட்டும் சொல்லுங்கள்.

ஜனவரி 13 முதல் 16 வரை பொங்கல், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். 20-ம் தேதிக்கு மேல் ஒரு பக்கத்தில் அறிக்கை அனுப்புங்கள். எத்தனை பிள்ளை, வருகை எவ்வளவு, எந்த மையத்தில் ஆசிரியர் மாறினார், ஏன் என்று. சரியில்லாததையும் எழுதுங்கள். அந்த அறிக்கையில் பணம் கேட்கவே கூடாது.

போனில் பேசுவது இப்படி இருக்கட்டும்: "ஐயா, போன வருஷம் ஆகஸ்ட்ல நீங்க குடுத்த அஞ்சாயிரம் செஞ்சி பக்கத்து மையத்துக்குப் போச்சு. அங்க இப்ப இருபத்தெட்டுப் பிள்ளைங்க வர்றாங்க. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பான் நம்பர் எங்ககிட்ட இல்ல, இனிமே எது குடுத்தாலும் சர்ட்டிபிகேட் வர்றதுக்கு அது வேணும், வாட்ஸாப்ல அனுப்ப முடியுமா? இந்த நம்பரையும் சேவ் பண்ணிக்கோங்க." இவ்வளவுதான். அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. வாட்ஸாப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். 640 பேருக்கு அனுப்பினோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது. எஸ்எம்எஸ் அனுப்புவதானால் டிஎல்டி (மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான) பதிவும் வாசக ஒப்புதலும் வேண்டும். அதை மார்ச்சில் தொடங்கினால் கையில் வராது, டிசம்பரிலேயே போடுங்கள்.

மாலை 6.30 முதல் 8.30 வரை ஒருவர் உருப்படியாகப் பேசக்கூடியது பத்துப் பேரோடு. இரண்டு பேர், ஐந்து மாலை என்றால் நூறு பேர் முடியும். பேசி முடித்த உடனே பட்டியலில் எழுத வேண்டும். மறுநாள் எழுதலாம் என்றால் மறந்துபோகும்.

உங்கள் பட்டியலில் அரசு ஆசிரியர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் பிப்ரவரி கடைசியில் கேட்காதீர்கள். வருமான வரிப் படிவம் கொடுத்து, பாக்கி வரி பெரும்பாலும் பிப்ரவரிச் சம்பளத்தில்தான் பிடிபடும். கைக்கு வருவது குறைவு. மார்ச் 3 முதல் பிளஸ் 2 தேர்வு வேறு. அவர்களிடம் ஜனவரிக் கடைசியில் கேளுங்கள், அல்லது ஏப்ரலில் தொடங்கும் மாதம் 450-ஐ மட்டும் கேளுங்கள்.

மாலைவகுப்பு · 16 டிசம்பர் 2024

ஆசிரியர்கள் 150 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களை மார்ச் பட்டியலில் வைத்திருந்தோம், மாற்றுகிறேன். ஆட்டோபேயில் என்னென்ன கவனிக்க வேண்டும்? சிஎஸ்ஆர் பற்றியும் யாராவது சொல்லுங்கள். மார்ச்சில் கொடுக்கலாம் என்று ஒரு கம்பெனி பேசியிருக்கிறது, 4 லட்சம்.

நொய்யல் · 16 டிசம்பர் 2024

ஆட்டோபே: 15,000 வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் (பின்) போடத் தேவையில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நன்கொடையாளருக்கு அறிவிப்பு போகும், அதைப் பார்த்து பயந்து ரத்து செய்பவர்கள் உண்டு. சேரும்போதே சொல்லிவையுங்கள். எடுக்கும் தேதியை 5 அல்லது 7 என்று வையுங்கள். 25-ம் தேதி வைத்தால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும்.

கொல்லிமலை · 17 டிசம்பர் 2024

சிஎஸ்ஆர் 4 லட்சம் மார்ச்சில் என்றதும் எழுதத் தோன்றியது. இங்கே மாட்டிக்கொள்ளும் டிரஸ்டுகள் அதிகம்.

கம்பெனி உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டால் அது சிஎஸ்ஆர் செலவாகிவிடாது. நீங்கள் அதைப் பயன்படுத்தினால்தான் செலவு. நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் விட்ட விளக்கத்திலேயே இது இருக்கிறது. ஆகவே மார்ச் 27-ம் தேதி 4 லட்சம் அனுப்பிவிட்டு, மார்ச் 31 தேதியிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். நான்கு நாளில் 4 லட்சத்துக்குச் சுண்டல் போட முடியாது. அப்போது முன்தேதியிட்ட பில் தேடும் நிலை வரும். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது, ஆடிட்டில் வருவதும் உங்கள் பில்தான்.

நேரான வழி இரண்டு. ஒன்று, ஜனவரியிலேயே ஒப்பந்தம் போட்டு, மார்ச்சுக்குள் உண்மையாகவே செலவாகக்கூடியதை மட்டும் கேளுங்கள்: எட்டு மையத்துக்கு மேசை, விளக்கு, புத்தக அலமாரி, ஜூனுக்கான நோட்டு. இரண்டு, கம்பெனியின் இயக்குநர் குழு இதைத் தொடர் திட்டம் என்று தீர்மானிக்கட்டும். அப்படியானால் செலவாகாத தொகையை ஏப்ரல் 30-க்குள் அவர்களே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் உங்களுக்குத் தவணையாகத் தரலாம். தொடர் திட்டம் இல்லையென்றால், மிச்சப் பணத்தை ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதியில் கட்ட வேண்டியது அவர்கள் கடமை. இதை அவர்களின் சிஎஸ்ஆர் அலுவலரிடம் ஜனவரியில் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். மார்ச் 25-ல் சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

ஒப்பந்தத்தில் பணம் வரும் தேதி, தலைப்புவாரிச் செலவு, சான்றிதழ் தேதி மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். இந்தப் பணத்தைத் தனிப் பேரேட்டில் வையுங்கள். நொய்யல் போட்ட 12.96 லட்சத்துக்குள் இதைச் சேர்க்காதீர்கள்.

சிராங்கூன் · 18 டிசம்பர் 2024

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் எஃப்சிஆர்ஏ இல்லை என்றீர்கள். போஸ்டர் வாட்ஸாப்பில் போனால் விழுப்புரத்தோடு நிற்காது. இங்கேயும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை, வாங்கலாம். ஆனால் குடியுரிமை மாறியவரிடம் வாங்கக் கூடாது. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். ஊருக்கு வந்து கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அதே சட்டம்தான். நூறு ரூபாயாக இருந்தாலும் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது.

ஆகவே படிவத்தில் "நான் இந்தியக் குடியுரிமை உள்ளவர்" என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கட்டணச் சேவையில் வெளிநாட்டு அட்டைகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் கொடுத்தால் பாஸ்போர்ட் முதல் பக்க நகலை ரசீதோடு கோப்பில் வையுங்கள். குடியுரிமை மாறிய உறவினர் மனம் வருந்தாமல் இருக்க ஒரு பதிலை முன்பே எழுதி வையுங்கள். மறுப்பது உங்கள் விருப்பமில்லை, சட்டம் அப்படி என்று தெரிந்தால் புரிந்துகொள்வார்கள்.

மாலைவகுப்பு · 20 டிசம்பர் 2024

எல்லாவற்றையும் அறங்காவலர் கூட்டத்தில் வைத்தேன். இப்போதைய திட்டம்: டிசம்பருக்குள் பட்டியல் பிரிப்பு, டிஎல்டி பதிவு. ஜனவரி 20-ல் அறிக்கை, அதன் பிறகு நன்றி போன். ஆசிரியர்களுக்கு ஜனவரிக் கடைசி. மேல் நூறு பேருக்குப் பிப்ரவரி 3 முதல் 20 வரை போனும் நேரடிச் சந்திப்பும். மார்ச் 1, 15 தேதிகளில் பொதுச் செய்தி. கடைசி வாரம் மூன்று நினைவூட்டல், கடைசியாக 31-ம் தேதி. கம்பெனியிடம் மேசை, விளக்கு, நோட்டு மட்டும் கேட்கிறோம். இலக்கு 13 லட்சம்: இப்போது 9, மாதாந்திரத்தில் 4.

இரண்டு கேள்வி. ஒருவர் 50,000 தருவதாகவும், மற்றவர்கள் அதே அளவு கொடுத்தால்தான் தருவேன் என்றும் சொல்கிறார். இதை அறிவிக்கலாமா? காசோலை எப்போது வரை வாங்கலாம்?

தாமிரபரணி · 20 டிசம்பர் 2024

அறிவிக்கலாம், நல்ல உந்துதல். ஆனால் அவரிடம் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதிக்குள், எவ்வளவு சேர்ந்தால், எவ்வளவு தருவார் என்று. மற்றவர்கள் 32,000 மட்டும் கொடுத்தால் அவர் 32,000 தருவாரா, ஒன்றும் தரமாட்டாரா? எப்படியும் 50,000 கொடுக்கத்தான் போகிறார் என்றால் "ஈடுகட்டுகிறார்" என்று அறிவிப்பது கொடுப்பவர்களை ஏமாற்றுவது. அப்போது "ஒருவர் 50,000 கொடுத்துத் தொடங்கி வைத்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பேரேடு · 21 டிசம்பர் 2024

காலண்டரைப் பாருங்கள் மேடம். 2025 மார்ச் 31 திங்கள், ரம்ஜான் விடுமுறை. 30 ஞாயிறு. 29 ஐந்தாவது சனி, வங்கி உண்டு. ஆக வங்கியில் ஆள் இருக்கும் கடைசிச் சாதாரண நாள் 29. காசோலையை 24-ம் தேதிக்குள் கையில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்தால் மாற்று வாங்க நாள் வேண்டும். ரசீதில் "காசோலை பணமாகும் நிபந்தனையோடு" என்று எழுதுங்கள்.

ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பவர் யுபிஐயில் மாட்டிக்கொள்வார், ஒரு நாள் வரம்பு அதுதான். நெஃப்ட் எந்த நாளும் எந்த நேரமும் ஓடும், விடுமுறையிலும் போகும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ். ஆனால் புதிதாக ஒரு கணக்கைச் சேர்த்த முதல் நாளில் பல வங்கிகள் பெரிய தொகையை விடாது. 31-ம் தேதி இரவு முதன்முறையாக உங்கள் கணக்கைச் சேர்ப்பவரால் 1,62,000 அனுப்ப முடியாமல் போகலாம். மேல் 27 பேருக்கும் கணக்கு விவரத்தை மார்ச் 10-லேயே அனுப்பி, சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

மாலைவகுப்பு · 21 டிசம்பர் 2024

31-ம் தேதி இரவு 11.50-க்குக் கட்டணச் சேவை வழியாக வந்தால்? எங்கள் கணக்குக்கு ஏப்ரல் 2-ல்தானே வரும்?

பேரேடு · 21 டிசம்பர் 2024

நன்கொடையாளர் பணம் கட்டிய நாள்தான் ரசீதின் நாள், மார்ச் 31. தொகையும் அவர் கட்டிய முழுத் தொகை. அட்டை வழியாக வந்த 1,000-க்கு 2 சதவீதக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போய் 976.40 உங்களுக்கு வந்தாலும் ரசீது 1,000-க்குத்தான். 23.60 உங்கள் செலவு. வங்கி வரவை மட்டும் பார்த்து ரசீது போட்டால் தேதியும் தப்பும், தொகையும் தப்பும்.

மார்ச் 29, 30, 31 மூன்று நாள் பரிவர்த்தனைப் பட்டியலைக் கட்டணச் சேவைத் தளத்திலிருந்து ஏப்ரல் 1 காலையிலேயே இறக்கி, "வர வேண்டிய தொகை" என்று மார்ச் கணக்கில் எழுதுங்கள். ஏப்ரல் 2, 3-ல் மொத்தமாக விழும் தொகையோடு வரிக்கு வரி பொருத்திப் பாருங்கள். ஆசிரியர்களின் முதல் 450 ஏப்ரல் 5-ல் வரத் தொடங்கும். இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் 10பிடி-யில் எது எந்த ஆண்டு என்று பிரிப்பது கஷ்டம். முடிந்தால் மாதாந்திரத்துக்குத் தனி வங்கிக் கணக்கே இருக்கட்டும். புதுக் கணக்குக்கு அறங்காவலர் தீர்மானம் வேண்டும், அதை ஜனவரிக் கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.